இரண்டு ஆளுக்கு ஒரு லென்ஸ்

மார்ச் 3, செவ்வாய்

பணி ஓய்வு விழா வீடியோவைக் கொடுத்து இரண்டு நாள் ஆகிறது. இன்று ஓய்வு பெற்றவரின் மனைவி போன் செய்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "எல்லாம் நல்லா இருக்கும்மா. ஆனா பேசும்போது அவர் அழுதாரே, அந்த முகத்தைக் காணோமே. தூரத்துல எறும்பு மாதிரி நிக்கிறார்" என்றார்.

போட்டுப் பார்த்தேன். உண்மைதான். நாற்பது நிமிடமும் மேடை, மாலை, முன்வரிசைக்காரர்களின் பின்னந்தலை. ஒரு முகம் கிடையாது.

விழா வீடியோ எடுக்கும் எனக்கும் அக்காவுக்கும் பதினான்கு வருடமாக ஏற்பாடு இதுதான். என் கேமராவில் 24 மி.மீ. லென்ஸ், மொத்தக் கூடமும் விழும். அக்கா கேமராவில் 85, தூரத்து முகத்தைக் கிட்டத்தில் காட்டும், முகங்கள் அவள் பொறுப்பு. யாராவது கண் கலங்கினால் நான் இம்மியும் அசையக் கூடாது. அசைந்தால் அவள் எடுக்கும் முகத்துக்குக் குறுக்கே என் தலை வரும். அந்த மனிதர் அழுதபோது நான் ஒழுங்காக அசையாமல் நின்றேன். அக்கா எடுத்துக்கொள்வாள் என்று நின்றேன். அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வராமல் நான்கு மாதம் ஆகிறது.

வருத்தமாக இருக்கிறதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி இருக்கிறது.

மார்ச் 5, வியாழன்

குட்டி வந்தாள். அக்கா பெண். வரும் இருபதாம் தேதி பதிவு அலுவலகத்தில் அவளுக்குக் கல்யாணம். அக்கா இருக்கும்போதே குறித்த தேதி, மாற்ற வேண்டாம் என்று அத்தான் சொல்லிவிட்டார்.

"வேற யாரையாவது வச்சு எடுத்துக்கோடி. என் லட்சணம் உனக்குத் தெரியாது" என்றேன். விழா வீடியோ கதையையும் சொன்னேன்.

"வேற ஆள் வந்தா நான் கையெழுத்தே போட மாட்டேன் சித்தி. நீங்கதான் எடுக்கணும். ஆனா எறும்பு மாதிரி எடுத்துடாதீங்க. அம்மா எடுத்தா முகம் எப்படி இருக்கும், அப்படி வேணும்."

சரி என்றேன். ஏன் சொன்னேன்?

கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகும்? நான்கு நிமிடம். அதற்கு நடுவே லென்ஸைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்க முடியாது, இரண்டு கேமராவை ஒரே ஆள் பார்க்கவும் முடியாது. தூரத்தையும் கிட்டத்தையும் ஒன்றாகவே பார்க்கிற லென்ஸ் ஒன்று வேண்டும்.

மார்ச் 7, சனி

துணி துவைத்தேன். யார் போனையும் எடுக்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

லென்ஸ் வாடகைக் கடை. முதலில் 24-70, அதாவது 24-லிருந்து 70 வரை ஜூம் ஆகும். வெளிச்சத்தை அள்ளி அள்ளிக் குடிக்கிறது, இருட்டு அறையிலும் படம் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் கனம். நடுக்கத்தைத் தடுக்கும் வசதியும் அதில் இல்லை, என் கை நடுங்குவது அப்படியே பதிகிறது. என் கை நடுங்குகிறது என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

லென்ஸ் பற்றி இதுவரை பதினெட்டு விமர்சன வீடியோ பார்த்தாயிற்று. பார்க்கும் நேரத்தில் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

மார்ச் 11, புதன்

24-240. ஊருக்கெல்லாம் ஒரே லென்ஸ் என்று விற்கிறார்கள். ஜூம் செய்யச் செய்யப் படம் படிப்படியாக இருட்டுகிறது. முகத்துக்குப் பக்கத்தில் போய்ச் சேரும்போது முகம் கருத்துவிடுகிறது. கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன்.

"பொண்ணு பாக்குற மாதிரி பாக்குறீங்களேம்மா. எதையாவது ஒண்ணை முடிங்க" என்றார் கடைக்காரர். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். பதிலுக்கு 24-105 கொடுத்தார்.

மார்ச் 14, சனி

அத்தான் வீட்டில் சோதனை. அவரை ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார வைத்தேன். "எதுக்கும்மா இவ்ளோ யோசனை, ஏதாவது ஒண்ணை வாங்கிப் போட வேண்டியதுதானே" என்றார். ஆனால் சொன்னபடி உட்கார்ந்தார்.

24-ல் அத்தான், நாற்காலி, அலமாரி, எல்லாம் வழக்கம்போல. மெதுவாக 105-க்குப் போனேன். வெளிச்சம் குறையவில்லை, கை நடுக்கமும் பெரிதாகத் தெரியவில்லை. இடது தாடைக்குக் கீழே ஒரு திட்டு சவரம் செய்யாமல் விட்டிருக்கிறார். கன்னம் ஒட்டியிருக்கிறது. வாரம் மூன்று தடவை போய் வருகிறேன், இதைப் பார்க்கவே இல்லை. நான் எப்போதும் தூரத்திலிருந்து பார்க்கிற ஆள்.

"அத்தான், ஒழுங்கா சாப்பிடுறீங்களா?"

"சாப்பிடுறேன்மா."

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தத் தோன்றவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

பதிவாளர் அறையைப் பார்த்து வந்தேன். ஒரு மேசை, ஒரு டியூப்லைட். ஜன்னலைத் திறக்கலாமா என்று கேட்டேன். "பெயின்ட் அடிச்சப்போ ஒட்டிக்கிச்சு, ஆறு வருஷமா திறக்கலை" என்றார் குமாஸ்தா, பெருமையாக. பின்சுவரோடு ஒட்டி நின்றால் மேசைக்குப் பதினொரு அடி. 105 போதும். படத்தில் கொஞ்சம் பொரி பொரியாகப் புள்ளி விழும், பரவாயில்லை. இதுதான். முடிவு செய்துவிட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

முடிந்தது. குட்டி கையெழுத்துப் போடும்போது 105-ல் இருந்தேன். முகம் கிடைத்தது, ஃபோகஸ் நழுவவில்லை.

சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டிய மாப்பிள்ளையின் நண்பன் அடையாள அட்டையை மறந்துவிட்டு வந்திருந்தான். பதிவாளர் கடிகாரத்தைப் பார்த்தார். குட்டி திரும்பி, "சித்தி, நீங்க வந்து போடுங்க" என்றாள். "நான் வேலையில இருக்கேன்டி" என்றேன். "அம்மா இருந்தா அவங்கதானே போட்டிருப்பாங்க, வாங்க" என்றாள். ட்ரைபாடைப் பூட்டி, 24-க்கு இழுத்துவிட்டு, போய்க் கையெழுத்துப் போட்டேன். திரும்பி வந்து மீதியை எடுத்தேன். வேறு ஒன்றும் விசேஷமில்லை.

மார்ச் 23, திங்கள்

எடிட்டிங்குக்கு உட்கார்ந்தேன். குட்டியின் முகம் நன்றாக வந்திருக்கிறது. உதட்டைக் கடித்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிற மாதிரி எழுதுகிறாள்.

பிறகு கேமரா தனியாக ஓடிய பகுதி. மேசை, பதிவாளர், அத்தான், குட்டி, மாப்பிள்ளை. வலப்பக்கத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை உள்ளே வருகிறாள், பேனாவை வாங்குகிறாள், குனிகிறாள். எழுதவில்லை. அழுகிறாள். கண்ணோரம் துடைத்துக்கொள்கிற அழுகை இல்லை, வாய் கோணி, தோள் குலுங்கி, மூக்கு ஒழுகி. அத்தான் கைக்குட்டை நீட்டுகிறார். குட்டி அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறாள். ஒலியைக் கூட்டினேன். "அக்கா, அக்கா" என்கிறாள். பதிவாளர் நாற்காலியை விட்டு எழுந்து நிற்கிறார். மூன்று நிமிடம் நாற்பது வினாடி. பிறகு அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக கேமராவைப் பார்த்து வருகிறாள்.

நான்தான். இதில் ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை. வெள்ளிக்கிழமை எழுதியதைப் புரட்டிப் பார்த்தேன். வேறு ஒன்றும் விசேஷமில்லை என்று என் கையால்தான் எழுதியிருக்கிறேன்.

அத்தானுக்குப் போன் செய்தேன். "அன்னைக்கு நான் அழுதேனா அத்தான்?"

"ஆமாம்மா. எல்லாரும்தான் பாத்தோம். உனக்குத் தெரியாதா?"

"அக்கா செத்துப்போயிட்டா அத்தான்" என்றேன். நான்கு மாதத்தில் இந்த வார்த்தையை நான் வாயால் சொன்னதில்லை.

"ஆமாம்மா" என்றார்.

அவரும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. கொஞ்சம் கழித்து, "சாப்பிட வர்றியா?" என்று கேட்டார். வருகிறேன் என்றேன்.