தக்காளிச் செம்மலின் கவனத்துக்கு

ஆதவன் அப்பாவுக்கு,

"மாபெரும் வனமே ஒரு சிறு விதைக்குள் உறங்குகிறது" என்று நேற்று கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தீர்களே, அந்த வனத்துக்குத் தோசை மாவு பிரிட்ஜில் இருக்கிறது. கொஞ்சம் புளித்திருக்கும்.

நான் கீழ்பென்னாத்தூருக்கு, தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன். மாடித்தோட்டக் குழுவினர் இன்று பொன்னாடை போர்த்தி உங்களுக்குத் 'தக்காளிச் செம்மல்' பட்டம் கொடுக்கும்போது, காபித் தட்டோடு ஓரமாக நிற்க என்னால் ஆகாது. பௌர்ணமி, கிரிவலக் கூட்டம். வருகிறவர்களை வண்டியைத் தூரமாக நிறுத்திவிட்டு நடந்து வரச் சொல்லுங்கள்.

"அந்தப் பெயிண்ட் பக்கெட்டெல்லாம் போட்டோல அசிங்கமா விழும், தூக்கி ஒளிச்சி வை அருணா" என்றீர்கள். ஒளிக்க மாட்டேன். பழுத்த தக்காளியைப் பிதுக்கி, விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்து, முளைத்த கன்றை அந்தப் பக்கெட்டுகளில் நட்டு, குரங்கு பிடுங்காமல் வலை கட்டிக் காப்பாற்றியது நான். படியேறியதும் முதலில் கண்ணில் படுகிற மாதிரி பக்கெட்டுகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் 'அருணாதேவி' என்று பெரிதாக எழுதிவிட்டேன். அழித்தால் நாளைக்கு ரசம் கிடையாது.

வேட்டியை இஸ்திரி போட்டுக் கட்டில்மேல் வைத்திருக்கிறேன். அது வேறு விஷயம்.

அருணா

பி.கு: டப்பாவில் சர்க்கரை கம்மி. காபிக்கு வெல்லம் போடுங்கள்.

ஓரத்தில் இடம் இருப்பதால் இதையும் எழுதுகிறேன். ரஷ்யாவின் கறுப்புத் தக்காளி என்று விதை வரவழைத்து, நீல ஜாடியில் வளர்த்து, தினமும் குழுவில் போட்டோ போட்டு, இன்று பட்டமும் வாங்கப்போகிற அந்தச் செடி மணத்தக்காளி. உங்கள் விதை முளைக்கவே இல்லை. இது தானாக வந்தது. நேற்று உங்கள் வாய்ப்புண்ணுக்குக் கூட்டு வைத்தது அந்தக் கீரையில்தான்.