துறவியான மன்னரோடு

அன்பு மனைவி மரியாமிக்கு, மஷ்ஷூடா எழுதுவது. மிக்கேல் வானதூதரின் காவலில் நான் நலம். உன் இடுப்பு வலி குறைந்ததா? அத்தையின் இருமல் எப்படி இருக்கிறது?

நம் மன்னர் தங்கை மகனுக்கு முடிசூட்டிவிட்டுத் துறவியானதைக் கேள்விப்பட்டிருப்பாய். மடத்து வாழ்க்கை அவருக்குப் பழகும் வரை கூட இருக்கும்படி, சிறு வயதிலிருந்தே அவருக்குப் பணி செய்தவன் என்று என்னை அனுப்பினார்கள். மூன்று மாதம் ஆகிறது.

நேற்று அவர் முதன்முதலாகக் கிணற்றில் நீர் இறைத்தார். கயிறு நழுவி, குடம் உடைந்துவிட்டது. கிழத் துறவி யோவேலுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்ப்பா, ஒரு குடம் தண்ணி இறைக்கத் தெரியாமலா இத்தனை வருஷம் நாட்டை ஆண்டே?" என்றார். நான் யோவேலைத் தடுக்கப் போனேன். மன்னரோ வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அந்த நேரம் பார்த்து, ஊருக்குப் போக விடை கேட்டேன்.

"போயிட்டு வா மஷ்ஷூடா. உன்னை நிறுத்தி வைக்க எனக்கு இப்ப ஏது அதிகாரம்?" என்றார். உடைந்த ஓடுகளைப் பொறுக்கியபடியே மெல்லச் சொன்னார்: "எங்கம்மாவைப் பார்த்த ஆள் இங்க நீ ஒருத்தன்தான்."

ஆணையிட்டிருந்தால் எப்படியாவது தப்பி வந்திருப்பேன். இதைக் கேட்ட பிறகு எப்படிக் கிளம்புவது? இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறேன் என்றேன். கோபிக்காதே.

வரும் படகில் பேரீச்சம்பழமும் ஒரு போர்வையும் அனுப்பு. புதிது வேண்டாம், நீ போர்த்திக்கொள்வதையே, துவைக்காமல் அனுப்பு. படகுக்காரர் கூப்பிடுகிறார்.

உன் மஷ்ஷூடா