நீ இழுத்துவிட்ட ஹேண்ட்பிரேக்

சாம்பார் வாளிகளோடு செம்பூரையே சுற்றிவந்த என் அம்மாவுக்கு,

உனக்குத் தெரியாத ஒரு செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ போன சில மாதங்களிலேயே அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன. வாரத்தில் இரண்டு நாள் சயான் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். பயப்படாதே, இப்போது தெம்பாகத்தான் இருக்கிறார். இன்று காலையில்கூட உப்புமாவில் உப்பே இல்லை என்று என்னோடு சண்டை போட்டார். உப்பு ஆகாது என்று டாக்டர் சொன்னதை அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

இன்று அவர் சண்டை போடுகிற நிலையில் இருப்பதற்கு உன் வண்டிதான் காரணம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நடந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன.

நீ போன மறு வருஷம் உலகம் முழுக்க ஒரு தொற்றுநோய் வந்தது, அம்மா. யாரும் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்றார்கள். நம் பம்பாயில் லோக்கல் ரயில் நின்றுபோனது. மழைக்கு ஒருநாள் இரண்டுநாள் நின்றதை நீ பார்த்திருக்கிறாய். இது மாதக்கணக்கில். நம்புவாயா?

அப்பாவை வழக்கமாகக் கூட்டிப்போகும் ஆட்டோக்காரர், முதலில் கொஞ்ச நாள் வழியில் போலீஸிடம் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டிக் காட்டிக் கொண்டுபோய் விட்டார். பிறகு அவரும் பிழைப்பில்லாமல் சொந்த ஊருக்குக் கிளம்பிவிட்டார். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு முறை டயாலிசிஸ் தவறியே விட்டது. அப்பாவின் பாதங்கள் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். இன்னொரு முறை தவறினால் தாங்கமாட்டார் என்று டாக்டர் போனில் சொன்னார். அதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

கீழே, நீ சாப்பாடு ஏற்றிப்போன உன் கார் நின்றுகொண்டிருந்தது. நீ போன அன்று மதியம் ஆபீஸ்களுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு வந்து, சுவரோரம் நிறுத்தி, எப்போதும்போல இரண்டு கையாலும் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு மேலே வந்தாய். கொஞ்சம் படுத்துக்கொள்கிறேன் என்றாய். பிறகு எழுந்திருக்கவே இல்லை. அதற்கப்புறம் அந்த வண்டியைத் தொட அப்பா யாரையும் விடவில்லை.

“அப்பா, அம்மா வண்டியக் கிளப்பிப் பாக்கட்டா?” என்று கேட்டேன்.

“வேண்டாம்ட்டி.”

“வேற வழி இல்லப்பா.”

“அந்த பிரேக்கு அவ கடைசியா இழுத்து விட்டது. அது அப்படியே கெடக்கட்டும்.”

ஒரு வருஷமாக ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. “அம்மா இருந்திருந்தா, உங்கள இப்படி உக்காந்து மூச்சு முட்ட விட்டுருப்பாளா?” என்று கேட்டுவிட்டேன். அவர் ஜன்னலிலிருந்து திரும்பி, “என் கம்பை எடு” என்றார். மாடிப்படியில் நின்று நின்று என்னோடு இறங்கி வந்தார்.

என்னிடம் லைசென்ஸ் இருந்தது, அவ்வளவுதான். கணக்குப் பார்க்கிற வேலையில் இருக்கிற நான் ஸ்பானரைக் கையால் தொட்டதில்லை. கைபேசியில் வீடியோவை ஓடவிட்டு, பானட்டைத் திறந்தேன். அம்மா, எத்தனை வருஷம் இந்த வண்டியில் உட்கார்ந்து போயிருக்கிறேன்! இந்த மூடிக்கு அடியில் இப்படி ஒரு உலகம் இருக்கிறதென்று ஒருநாளாவது நினைத்துப் பார்த்திருப்பேனா? எது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பயம் போய் ஆச்சரியம்தான் மிஞ்சியது.

ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருந்தது. நீ கை துடைக்க வைத்திருந்த பூப்போட்ட துணியைக் கிழித்து, அவ்வளவு அழகாகச் சுற்றிச் சுற்றி அடுக்கியிருந்தது. பக்கத்திலேயே ஒரு ஒயரையும் கடித்துவைத்திருந்தது. கூட்டை எடுத்தேன். ஒயரை முறுக்கி டேப் சுற்றினேன். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வீங்கிய கையால் டார்ச் பிடித்தார். வெளிச்சத்தை நான் பார்க்கிற இடத்திலேயே வைத்திருந்தார்.

பிறகு ஹேண்ட்பிரேக்கின் முறை. நான் கதவைத் திறந்ததும் அப்பா, “நீ நகரு. நான் எறக்கி விடுதேன்” என்றார். உன் சீட்டில் உட்கார்ந்தார். லீவர் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா இருந்தார். நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். டக்கென்று இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

ஆனால் தள்ளிப் பார்த்தால் வண்டி நகரவில்லை. பின்சக்கரம் இரண்டும் துருப்பிடித்து உள்ளே இறுகிக் கிடந்தன. முன்சக்கரங்களுக்குச் செங்கல் முட்டுக்கொடுத்து, பின்பக்கம் ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கழற்றினேன். உள்ளே பிரேக்கைப் பிடித்திருக்கும் இரும்பு டிரம்மைச் சுற்றிச் சுத்தியலால் தட்டச் சொன்னது வீடியோ. தட்டினேன். மதியம் முழுக்கத் தட்டினேன். தோள் கழன்றுவிடும்போல இருந்தது. மேலே ஜன்னல் ஜன்னலாக ஆட்கள் நின்று பார்த்தார்கள். இரண்டாவது மாடி மராத்தி மாமா, நம் சாவந்த் காக்கா, முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். “தீரே தீரே, பேட்டி” என்றார், மெதுவாக அடி மகளே என்று. மெதுவாகத்தான் அடித்தேன். திடீரென்று டிரம் ஒரு முனகலோடு விட்டுக்கொடுத்தது. கையால் தள்ளினேன், சுற்றியது! நான் தரையில் உட்கார்ந்தபடியே அதைச் சுற்றிவிட்டுக்கொண்டே இருந்தேன், சின்னப் பிள்ளைபோல.

மறுநாள் இன்னொரு பக்கத்தையும் தட்டி விடுவித்தேன். காக்கா தன் காரைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, அந்த பேட்டரியிலிருந்து நம் பேட்டரிக்கு ஒயர் கொடுத்தார். ஸ்கூட்டரில் போய்ப் புது பெட்ரோலும் வாங்கிவந்து ஊற்றினார். சாவியைத் திருப்பினேன். இருமியது, அணைந்தது. மறுபடி இருமியது, அணைந்தது. இன்னொரு முறை திருப்பியதும் வண்டி முழுக்க உதறிக்கொண்டு உயிர் வந்தது! ஜன்னல்களில் எல்லோரும் கை தட்டினார்கள். அப்பா மட்டும் கை தட்டவில்லை. பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, “வந்துட்டா” என்றார். வண்டியைச் சொன்னாரா அம்மா, உன்னைச் சொன்னாரா? நான் கேட்கவில்லை.

காம்பவுண்டுக்குள்ளேயே ஓட்டிப் பிரேக் பிடிக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, அடுத்த நாள் காலை சயானுக்குக் கிளம்பினோம். நீ ஹாரன் அடித்து அடித்துத் திட்டிக்கொண்டே போன அந்த ரோட்டில் ஒரு வண்டி இல்லை. சிக்னல் யாருக்கோ சிவந்து, யாருக்கோ பச்சையானது. குயில் கூவுவது காருக்குள் கேட்டது. மாகுல் சதுப்புப் பக்கமிருந்து பூநாரைகள் வரிசையாக ரோட்டைக் கடந்து பறந்தன, இறக்கையின் அடியெல்லாம் ரோஜா நிறம். அப்பா கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார். “ஏட்டி, இது நம்ம பம்பாய்தானா?” என்றார். மூச்சு வாங்கிக்கொண்டேதான் கேட்டார். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

டயாலிசிஸ் முடிந்து வெளியே வந்தபோது, வாசல்படியில் ஒரு அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கதீஜா அக்கா. தாராவியில் இருக்கிறார், பூர்வீகம் நம் திருநெல்வேலிப் பக்கம்தான். அவருக்கும் அதே நேரத்தில்தான் டயாலிசிஸ். தாராவியில் சந்துக்குச் சந்து மூங்கில் கட்டி அடைத்துவிட்டதால், அங்கிருந்து தடுப்புகளுக்கு நடுவே நடந்தே வந்திருக்கிறார். திரும்பி நடக்கத் தெம்பு வருவதற்காக உட்கார்ந்திருந்தார்.

நோய்க்குப் பயந்து எல்லோரும் தாராவி என்றாலே ஒதுங்கிய காலம் அது. நான் தயங்கி அப்பாவைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே பின்கதவைத் திறந்துவிட்டிருந்தார். “ஏறுங்க தாயி” என்றார்.

ஏறியதும் கதீஜா அக்கா மாஸ்க் வழியாகவே மோந்து பார்த்தார். “என்ன புள்ள, வண்டிக்குள்ள சாம்பார் மணக்கு?”

“எங்கம்மா வண்டிக்கா” என்றேன். சாவியைத் திருப்பி வண்டியைக் கிளப்பினேன்.

அன்றிலிருந்து அவரையும் ஏற்றிக்கொண்டுதான் போகிறோம். ரயில் ஓடத் தொடங்கி, நோய் அடங்கி, ஊர் பழையபடி ஹாரன் அடிக்க ஆரம்பித்த பிறகும் அது நிற்கவில்லை. வண்டியில் சின்னச் சின்ன வேலை வந்தால் இப்போதும் நானேதான் செய்கிறேன்.

உன்னைப் பற்றி அப்பா வீட்டில் இன்றும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் வண்டியில் ஏறிவிட்டால் கதீஜா அக்காவிடம் சொல்லிக்கொண்டே வருகிறார். எனக்குத் தெரியாத உன்னை நான் ஓட்டிக்கொண்டே கேட்கிறேன். போன வாரம் நீ லைசென்ஸ் வாங்கிய கதையைச் சொன்னார்.

“கிரவுண்டுல இவ எட்டு போடுதா. எனக்கா உயிரே இல்ல, கண்ண இறுக்க மூடிக்கிட்டேன். எங்கயாவது போயி இடிச்ச சத்தம் கேக்கும்னு நிக்கேன். ஒரு சத்தமும் இல்ல. கண்ணத் தொறந்தா, வண்டி என் காலுகிட்ட வந்து நிக்கு. கதவத் தொறந்து, ‘ஏறுங்க’ங்கா. எங்க போறோம்னுகூட நான் கேக்கல. நான் ஏறிட்டேன்.”

கதீஜா அக்கா சிரித்துச் சிரித்து இருமினார். நான் பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓட்டினேன். அத்தனை தைரியம் உனக்கு எங்கிருந்து வந்தது, அம்மா?

அப்பா எந்த நேரம் போக வேண்டும் என்றாலும், எந்த ஊரடங்கு வந்தாலும், இந்த வண்டி ஓடுகிற நிலையில் இருக்கும். நான் வைத்திருப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் டிரைவர் சீட்டில் இப்போது உட்கார்ந்திருக்கும்
உன் மகள்,
இசக்கி