குறையாத தண்ணீர் பாட்டில்

அண்ணா,

இன்று சாயங்காலம் நல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில், காலைத் தாங்கும் இரும்புக் காலிப்பர் போட்ட ஐந்தாம் வகுப்புக் குழந்தையின் பையை வழக்கம்போலத் தூக்கிப் பார்த்தேன். கனத்தது. காலையில் அவள் அம்மா நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் அப்படியே இருந்தது. உடனே உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது.

நான் மாற்றுத்திறன் குழந்தைகளுக்காகப் பள்ளி பள்ளியாக அலையும் சிறப்பாசிரியை. நீங்கள் பனியன் கம்பெனி வேன் ஓட்டியவர். காலை ஷிப்டு ஆட்களை இறக்கிவிட்டு, முதலாளியிடம் கேட்டு வாங்கிய அதே வேனில்தான் என் பொறுப்பில் இருந்த சிறுமி இசக்கியம்மாளைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு மாதக்கணக்கில் கூட்டிப்போனோம். மடங்கிக் கிடந்த கால் ஆபரேஷனில் நிமிர்ந்தது. காலிப்பரோடு அவள் வேலம்பாளையம் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குள் நடந்துபோன அன்று நான் போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். பெருமை தலைக்கேறியிருந்தது, மறைப்பானேன்.

தினமும் அவளை ஏற்றி இறக்கியது நீங்கள்தான். இரண்டாவது வாரமே சொன்னீர்கள்: "ஏனுங்க டீச்சர், அந்தப் புள்ளயோட பை காலைல எத்தனை கனமோ, சாயங்காலமும் அத்தனையே இருக்குதுங்க. தண்ணியே குடிக்கறதில்லையாட்ட இருக்குது." நான் சிரித்தேன். விளையாட்டு மும்முரத்தில் குழந்தைகள் அப்படித்தான் அண்ணா என்றேன். அடுத்த குழந்தையின் அடையாள அட்டைக்காக ஓடிக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு ஏது விளையாட்டு? கழிப்பறைக்கு நாலு படி, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அந்தக் காலோடு குந்தி உட்காரவும் முடியாது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல், தண்ணீரே குடிக்காமல் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். கடைசியில் நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாகப் படுத்துவிட்டாள். "படிச்சது போதும் டீச்சர். எனக்குப் பிள்ள உசுரோட இருந்தாப் போதும்" என்றாள் அவள் அம்மா.

அன்றைக்கே சொன்னேனே என்று நீங்கள் ஒரு நாளும் குத்திக்காட்டவில்லை. காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். தெரிந்த வெல்டரைப் பிடித்து அந்தப் படிகளுக்குக் கைப்பிடிக் குழாய் வைத்தீர்கள், உள்ளே உட்கார ஒரு நாற்காலியும் போட்டீர்கள். இசக்கி அதைத் தொட்டுப் பார்க்கக்கூட வரவில்லை. இப்போது பதினெட்டு முடிந்து, ஒரு கம்பெனியில் பனியன் மடிக்கிறாள்.

நல்லூரில் சரிவுப் பாதையும் புதுக் கழிப்பறையும் இருக்கின்றன. அழுக்காகிவிடும் என்று பூட்டி வைத்திருக்கிறார்கள். ஆய்வுக்கு ஆள் வந்தால் திறப்போம் என்றார் தலைமையாசிரியர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவி கைக்கு வரும்வரை அவர் அறையை விட்டு நான் நகரவில்லை.

குழந்தை போய்விட்டு வந்து, என் முன்னாலேயே பாட்டிலைத் திறந்து பாதிக்கு மேல் குடித்தாள். சாவியை அவர் திரும்ப வாங்கிக்கொண்டார். நாளைக்கும் பூட்டித்தான் இருக்கும், நாளைக்கும் போவேன்.

போகிற பள்ளியில் எல்லாம் பையைத் தூக்கிப் பார்த்துவிடுகிறேன், அண்ணா. இசக்கியின் பையை மட்டும் நான் ஒரு நாளும் தூக்கிப் பார்க்கவில்லை.