ஞானஸ்நானம் வரைக்கும் ஒரு விளக்கு

நவம்பர் 3, திங்கள்

இந்தக் கொப்பியில் உண்மையை மட்டுமே எழுதுவேன். எனக்கு வெட்கமானதையும்.

தம்பி றொபினுக்கு ஐந்து மாதம். ஞானஸ்நானம் இன்னும் ஆகவில்லை. ஞானத்தகப்பனாக நிற்கவேண்டிய கொன்ஸ்ரன்ரைன் மாமாவுக்கு, வடகோடியில் ஹம்மர்பெஸ்ட்டில் வேலை, லீவு இல்லை. டிசம்பர் ஏழாம் திகதிதான் வருவார்.

நூலகப் புத்தகம் சொல்கிறது: இந்நாட்டு மலைகளுக்கடியில் ஒரு சனம் வாழ்கிறது. ஞானஸ்நானம் பெறாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு, தங்கள் குழந்தையை விட்டுவிட்டுப் போகும். தொட்டிலருகே விளக்கு எரிந்தால் வராது.

நான் நம்பவில்லை. ஆனால் தொட்டில் என் அறையில். அப்பா இரவில் பஸ் ஓட்டப் போய்விடுவார். அம்மா படுத்ததும் மேசை விளக்கைப் போட்டேன்.

நவம்பர் 6

இரவு முழுக்க அழுதான். அம்மா வரும் காலடி கேட்டால் விளக்கை நூர்த்துவிட்டு, அவர் போனதும் திரும்பப் போட்டேன்.

நவம்பர் 9

இன்றும். மாற்றி வைத்த பிள்ளை ஓயாமல் அழுமாம்! காதுக்குப் பின்னால் பார்த்தேன் — மச்சம் இருக்கிறது. மச்சத்தையும் செய்யத் தெரிந்த சனமோ?

அம்மா தேத்தண்ணிக்கு உப்புப் போட்டார். கவனிக்காமலே குடித்தார்.

நவம்பர் 11

பள்ளி முடிந்து அம்மாவோடு குழந்தைகள் நலநிலையத்துக்குப் போனேன். தாதி கரோலினா தம்பியை நிறுத்துப் பார்த்தார். குறை ஒன்றுமில்லை. படுக்கும் அறை இருட்டுத்தானே என்று கேட்டார். நல்ல இருட்டு என்றார் அம்மா.

நான் சப்பாத்தைப் பார்த்தேன்.

திரும்பும்போது ட்ராமில் அம்மா என் தோளிலேயே நித்திரை.

நவம்பர் 12

அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"ஒன்பது இரவா லைற்றை எரிய விட்டனி? இவனுக்கு என்ன வருத்தமோ எண்டு நான் செத்துக்கொண்டிருக்கிறன்!"

"அம்மா, இவன் மாத்தின பிள்ளையெண்டா?" அழுகை வந்துவிட்டது. மாற்றிய பிள்ளையை அடிப்பார்கள், பனியில் போடுவார்கள், அப்போதுதான் மலைத்தாய் வந்து தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு இவர்களுடையதைத் தருவாள் — எல்லாம் சொன்னேன்.

அம்மா தம்பியைத் தூக்கி மடியில் வைத்தார்.

"அதுகும் பிள்ளைதானே. அதுக்கு ஆரும் பால் குடுத்தவையோ?"

"புத்தகத்தில இல்லை."

"மாத்தியிருந்தாலும் இனி இவன் எங்கட. ஒருத்தருக்கும் குடுக்கேலாது." பிறகு என் மூக்கைத் துடைத்தார். "இந்த வீட்டில ஒரு மாத்தின பிள்ளை இருக்கெண்டா, ஷரோன், அது நீதான்."

டிசம்பர் ஏழுக்கு இன்னும் இருபத்தைந்து நாள். பயமாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 13, காலை

நேற்று இரவு எட்டரைக்குத் தொட்டில் கம்பிகளுக்குள்ளால் கையை விட்டேன். விரலைப் பிடித்தான். யாராக இருந்தாலும் சரி, பிடித்துக்கொள் என்றேன். மற்றக் கையால் செய்யவேண்டியதைச் செய்தேன்.

விடிய வேலையால் வந்த அப்பா, வீட்டில் சத்தமே இல்லையென்று பயந்து, சப்பாத்தும் கழற்றாமல் எங்கள் அறைக்கு ஓடிவந்தாராம்.

"நீங்கள் மூண்டு பேரும் ஒரே அறையில நல்ல நித்திரை," என்று அம்மாவிடம் சொன்னார். "லைற் நூத்திருந்துது, அறை நல்ல இருட்டு."