முதற்பிரதி வாங்குபவர்

செவ்வாய், இரவு.

எங்கள் கடற்றொழிலாளர் சங்க மலருக்கு எழுதிய கட்டுரையை இன்று பின்னேரம் யோகம் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். எழுதுமுன் ஒரு தாளில் திட்டம் போட்டிருந்தேன். நோக்கம்: சங்கத்துக்கு நல்ல பெயர். குரல்: பணிவு. வாசகர்: முதற்பிரதி வாங்க வரும் துறைமுக அதிகாரி. அவர் மனம் கோணக்கூடாதென்று, போன வருடம் துறைமுக வாயிலில் கப்பல் அலையில் தோணி கவிழ்ந்து அக்காவின் கணவர் செல்லத்துரை அண்ணன் இறந்ததை விட்டுவிட்டேன்.

மீன் வெட்டுவதை நிறுத்திவிட்டு அக்கா கடைசிவரை கேட்டார்.

"இதில என்ர மனுசன் எங்க, பிள்ளை?"

"அதிகாரி வாசிக்கிறது, அக்கா. அதை எழுதேலாது."

"ஓம், அவர் வாசிப்பார். எனக்கு வாசிக்கத் தெரியாது. நீ வாசிச்சுத்தான் நான் கேக்கோணும்."

பிறகு மீனை வெட்டத் தொடங்கினார். ஏசியிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன்.

இப்போது திட்டத் தாளில் வாசகர் என்ற இடத்தில் அதிகாரியை அடித்துவிட்டு யோகம் அக்கா என்று எழுதினேன். அதற்குப் பிறகு நோக்கமும் குரலும் பொருந்தவில்லை. அவற்றையும் அடித்தேன்.

புதுத்தாளில் முதல் வரி: "அன்று செல்லத்துரை அண்ணன் விடிய முன்னம் கடலுக்குப் போனார்."

அடுத்த வரியை அக்காவின் முன்னால் இருந்து எப்படி வாசிப்பேன்?