மீட்டர் குடித்த அரை வோல்ட்

மார்ச் 4, செவ்வாய்

ஆலையின் புது வாயுக்கசிவு சென்சார்களுக்குச் சோதனை. மொத்தம் நாற்பது. சோதனை வாயுவைக் காட்டினால் ஒவ்வொன்றும் ஐந்து வோல்ட் தர வேண்டும். என் மீட்டரில் 4.54, 4.55, மறுபடி 4.54. ஒன்றுகூட ஐந்தைத் தொடவில்லை. போன மாதம் இவற்றைப் பொருத்திய ஃபிட்டரின் பதிவேட்டிலோ நாற்பதுக்கும் ஐந்து.

அசதி. அறிக்கையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 5, புதன்

மேலாளர் அறிக்கையைப் படித்துவிட்டு, "அப்ப அந்த ஆள் அளக்காமலே எழுதியிருக்கார்?" என்றார்.

"அப்படிச் சொல்லல சார். பொருந்தலன்னுதான்..."

அவருக்கு அது போதும். ஃபிட்டரைக் கூப்பிட்டார். அவர் வந்ததும் என்னைத்தான் பார்த்தார்.

"ஒவ்வொண்ணா அளந்தேன் மேடம். சென்சார் கம்பெனி குடுத்த மீட்டர்ல."

அந்த மீட்டரைக் கம்பெனி திரும்ப வாங்கிப் போய்விட்டது. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போனார்.

மார்ச் 7, வெள்ளி

வேலை. வீடு. துணி துவைத்தேன்.

மார்ச் 10, திங்கள்

நாற்பதும் எப்படி ஒரே அளவு குறையும்? கெட்டுப்போகிறவை ஆளுக்கொரு விதமாகத்தானே கெடும்? இதை அன்றைக்கே ஏன் யோசிக்கவில்லை?

மார்ச் 12, புதன்

என் மீட்டர் மேலேயே சந்தேகம். ஸ்டோரிலிருந்து அதே மாதிரி இன்னொன்றை வாங்கி, இரண்டையும் ஒரே சென்சாரில் ஒன்றாக மாட்டினேன். இரண்டும் 4.17 காட்டின. ஒன்றைக் கழற்றினேன் — 4.54.

தொடத் தொடக் குறைகிறது.

சென்சாரின் கையேட்டில் கடைசிப் பக்கம், பொடி எழுத்து: வெளியீட்டு மின்மறுப்பு ஒரு மெகா ஓம். அதாவது சென்சாருக்குள்ளேயே அவ்வளவு பெரிய தடை. என் மீட்டரின் தடை பத்து மெகா ஓம்தான். அது அளப்பதற்காகக் கொஞ்சம் மின்னோட்டத்தை இழுக்கிறது. ஒன்றும் பத்தும் பதினொன்று; வோல்ட்டில் பதினொன்றில் ஒரு பங்கு சென்சாருக்குள்ளேயே நின்றுவிடுகிறது. ஐந்து வோல்ட் 4.54 ஆகிறது. கணக்கு அப்படியே பொருந்துகிறது. கம்பெனி மீட்டர் ஏறக்குறைய எதையும் இழுக்காத வகை. அவர் எழுதிய ஐந்து, ஐந்தேதான்.

இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். என்னத்தக் கிழிச்சேன்? இதப் படிச்சவதானே நான்?

மார்ச் 13, வியாழன்

காலையில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "காய்ச்சல் பாக்க வந்த டாக்டரே நோயாளியோட ரத்தத்தக் குடிச்ச கதையால்ல இருக்கு" என்று சிரித்தார். பிறகு, "பேசாம மீட்டர் கோளாறுன்னு எழுதிடேன்."

மீட்டர் என்ன செய்யும்? தன்னிடம் வந்து சேர்ந்ததை அது சரியாகத்தான் சொன்னது. 'தவறு என்னுடையது' என்று எழுதிக் கொடுத்தேன்.

மேலாளர் காகிதத்தைக் கையிலேயே வைத்திருந்தார். "இத மேல அனுப்பினா உங்க ப்ரமோஷன்..."

"தெரியும் சார். அனுப்புங்க."

மார்ச் 14, வெள்ளி

வேலை முடிந்து ஃபிட்டர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைப் பாதிதான் திறந்தார்.

"ஒன்பது நாளா அக்கம்பக்கத்துல தலைகாட்ட முடியல எங்களால."

"தப்பு என்னோடதும்மா. அவர் எழுதினதுதான் சரி. எழுத்துல குடுத்துட்டேன்."

உள்ளேயிருந்து ஃபிட்டரின் குரல் மட்டும் வந்தது. "திங்கட்கிழமை வர்றேன்னு ஆபீஸ்ல சொல்லிடுங்க."

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? படி இறங்கி வந்துவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

பதவி உயர்வுப் பட்டியல் ஒட்டியாயிற்று. நான் இல்லை. பெரிதாக வலிக்கவும் இல்லை. வலிக்கத் தெம்பு வேண்டுமே.

கம்பெனி மீட்டரை வரவழைத்து, நாற்பதையும் மறுபடி அளக்கச் சொன்னார்கள். நான் ஏணியில், ஃபிட்டர் கீழே. 5.00. 4.99. 5.00. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். காலையிலிருந்து என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கொதிகலன் மேலே இருந்த சென்சாரை முடித்து இறங்கும்போது எனக்குத் தலை சுற்றிற்று. கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

கீழே நோட்டு தரையில் விழும் சத்தம்.

"மெதுவா வாங்க மேடம். ஏணிய ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கேன்."